உடுப்பதும் வழிபாடே

(திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழா, ஐந்தாம் திருநாள் மாலைச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



தீபப் பெருவிழாவின் ஐந்தாம் திருநாள் இது. இன்னும் சிறிது நேரத்தில் அண்ணாமலையார் பெரிய வெள்ளி இடப வாகனத்தின்மீது எழுந்தருளி மாடவீதியில் வலம் வர இருக்கின்றார். நாளைக் காலை அறுபத்துமூவர் திருவுலா. அடுத்த நாள் பெரிய தேர். பத்தாம் நாள் மாலை மலைமேல் மகாதீபம். இத்தனை பேரின்பத்தை எளிய நமக்கென்று வைத்திருக்கும் பெருமானின் திருவடிகளையும், உண்ணாமுலை அம்மையின் திருவடிகளையும் வணங்கி அடியேன் தொடங்குகின்றேன்.

இன்று பேசுவதற்கென்று எண்ணி வந்த பொருள் வேறு. நேற்றுச் சொற்பொழிவு முடிந்தபின் ஓர் அம்மையார் என்னிடம் வந்து கேட்ட கேள்வி, அந்தப் பொருளை மாற்றிவிட்டது.

“ஐயா! என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். தீபத்துக்குக் குடும்பத்தோடு வருகிறான். அவனுக்கென்று பட்டு வேட்டி எடுத்து வைத்தேன். ‘எனக்குக் கட்ட வராது, இடுப்பில் நிற்காது, காற்சட்டையோடுதான் வருவேன்’ என்கிறான். மருமகள் சுடிதார் போட்டுக் கொண்டு வருவாளாம். வேட்டி சேலை இல்லாமல் சுவாமி முன்னால் வரலாமா என்று நான் கேட்டேன். ‘அப்படியானால் நாங்கள் வரவே இல்லை’ என்று சொல்லிவிட்டான். நான் சொன்னது தப்பா ஐயா?” என்று கேட்டபோது அந்தத் தாயின் கண்கள் கலங்கியிருந்தன.

அப்போது அடியேன் உடனே விடை சொல்லவில்லை. “நாளை வாருங்கள் அம்மா, சொல்கிறேன்” என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் இன்று வந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். இந்தக் கேள்வி அவர்கள் ஒருவருடையது அன்று. இந்தப் பந்தலில் இருக்கின்ற பல வீடுகளின் கேள்வி. திருவிழாவிற்கு எதை உடுப்பது? ஏன் உடுப்பது? உடையைப் பொருட்டாகக் கொள்ள வேண்டுமா, வேண்டாமா?

முதலில் பெருமானையே பார்ப்போம். ‘திருமால் அலங்காரப் பிரியர், சிவன் அபிஷேகப் பிரியர்’ என்பது நம் நாட்டு வழக்கு. புலித்தோலை இடையில் உடுத்தவர், யானைத் தோலைப் போர்த்தவர், சாம்பலைப் பூசியவர் நம் பெருமான். அப்படியானால் அவர் முன்னே உடையைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று சிலர் சொல்லக் கூடும். இந்த ஊருக்கே அதற்குச் சான்று உண்டு. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் மதுரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். கோயிலில் தந்தையைக் கண்டபின் அய்யங்குளத்தின் கரைக்குச் சென்றார். கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணத்துக்கு மட்டும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, எஞ்சியதையும் கையிலிருந்த காசையும் எறிந்துவிட்டார். அவரே பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் வணங்கிய பெரியார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு உடை அந்தக் கோவணமே ஆயிற்று.

ஆனால் இதிலிருந்து நாம் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உடலையே மறந்தவருக்கு உடை பொருட்டில்லை. நாம் உடலை மறந்தவர்களா? அலுவலகத்திற்குச் செல்லும்போது தேய்த்து மடித்த சட்டை தேடுகின்றோம். திருமண வீட்டிற்குச் செல்லும்போது பெட்டியின் அடியிலிருந்து பட்டெடுக்கின்றோம். கோயிலுக்கு வரும்போது மட்டும் ‘சுவாமி நெஞ்சைத்தான் பார்ப்பார்’ என்று சொல்லிக் கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வருவோமானால், அது துறவு அன்று, சோம்பல். மனிதர்க்குக் காட்டுகின்ற மரியாதையைப் பெருமானுக்குக் காட்ட மறுப்பது எந்த ஞானத்தில் சேரும்?

நம் சமயம் திருவேடத்தை மிக உயர்வாக வைத்த சமயம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, அடியாரது திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழ வேண்டும் என்று விதிக்கின்றது. கோயிலுக்கு இணையாக ஒரு கோலத்தை வைத்தார்கள் என்றால், அந்தக் கோலத்தின் பெருமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு உயிரைக் கொடுத்துச் சான்று பகர்ந்தவர் இங்கிருந்து தெற்கே மிகத் தொலைவில்லாத திருக்கோவலூரில் அரசு செய்த மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை கட்டி, ஏட்டுச் சுவடிக்குள் படையை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தான். ஆகமம் சொல்ல வந்த அடியார் என்று எண்ணித் தாழ்ந்து வணங்கிய அரசரைக் குத்தி வீழ்த்தினான். காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, சாய்கின்ற நிலையிலும் அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றார். அம்மட்டோ? அந்தக் கொலைஞனை ஊர் எல்லை வரையில் இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்து, அது நிறைவேறியது என்ற செய்தி கேட்ட பிறகே உயிர் நீத்தார்.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பிறரது திருவேடத்தைக் கண்டால் ஆராயாமல் வணங்க வேண்டும் என்பது ஒன்று. நாம் ஒரு கோலத்தைப் பூண்டால் அதைப் பொய்யாக்காமல் வாழ வேண்டும் என்பது மற்றொன்று. பட்டு வேட்டியும் நெற்றி நிறைந்த நீறுமாக வரிசையில் நின்றுகொண்டு, முன்னே நிற்கும் முதியவளைத் தள்ளிவிட்டுப் போகின்றவர் எந்த வேடத்தில் இருக்கின்றார்? அந்த வேட்டியின் மடிப்புக்குள்ளும் ஒரு முத்தநாதன் மறைந்திருக்கின்றான் அன்றோ!

அன்பர்களே! நாளைக் காலை அறுபத்துமூவரைப் பள்ளிப் பிள்ளைகள் தோளில் சுமந்துகொண்டு மாடவீதியில் வருவார்கள். அந்த வரிசையில் துணியோடு தொடர்புடைய மூவர் இருக்கின்றார்கள். அவர்களைத் தேடிப் பார்த்து வணங்குங்கள்.

ஒருவர் நேச நாயனார். கம்பிலி நகரில் சாலியர் குலத்தில் தோன்றிய நெசவாளர். மனத்தைப் பெருமான் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கையைத் தறிக்கும் கொடுத்தவர். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு வழங்கியதே அவர் செய்த தொண்டு. அற்புதம் எதுவும் அவர் வரலாற்றில் இல்லை. நெய்தார், கொடுத்தார், நாயனார் ஆனார்.

மற்றொருவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். காஞ்சியில் அடியாரது ஆடைகளை வெளுத்துக் கொடுத்தவர். குளிர்காலத்தில் ஒருநாள் பெருமான் ஏழை அடியாராக, அழுக்கேறிய கந்தையோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக நாயனார் வாக்களித்தார். மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. ஈரத்துணியோடு அடியார் குளிரில் நடுங்குவாரே என்று நெஞ்சுருகி, துவைக்கின்ற கல்லில் தம் தலையை மோதினார். அந்தக் கல்லின் மருங்கே பெருமானின் திருக்கரம் தோன்றிப் பிடித்துக்கொண்டது.

மூன்றாமவர் அமர்நீதி நாயனார். பழையாறை வணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதும் ஆடையும் கோவணமும் வழங்கி வந்தவர். பெருமான் பிரமசாரியாக வந்து ஒரு கோவணத்தை அவரிடம் வைத்துச் சென்று, அதை மறையச் செய்து, ‘என் கோவணத்திற்கு ஈடு கொடு’ என்று கேட்டார். தராசின் ஒரு தட்டில் பழைய கோவணம். மறு தட்டில் வீட்டிலிருந்த பட்டும் பொன்னும் அனைத்தும் வைத்தும் நிறை ஒக்கவில்லை. இறுதியில் நாயனாரும் மனைவியாரும் மைந்தரும் ஏறி நின்றபோதுதான் தட்டுகள் நேராயின.

ஒருவர் நெய்தார், ஒருவர் வெளுத்தார், ஒருவர் வழங்கினார். அறுபத்துமூவரில் பட்டுடுத்ததற்காக நாயனார் ஆனவர் ஒருவருமில்லை! துணி அவர்கள் கையில் தொண்டாயிற்று. நம் கையில் அது என்னவாக இருக்கின்றது? இந்தக் கேள்வியோடுதான் திருவிழாவிற்குப் புத்தாடை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் அடியேனுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர்த் திருவிழாவில் பேசச் சென்றிருந்தேன். இளமை, நாலு பேர் புகழ்ந்த செருக்கு. அகலச் சரிகை போட்ட பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மேடையில் அமர்ந்திருந்தேன். சாயக் கறை படிந்த நாலு முழ வேட்டியோடு முதியவர் ஒருவர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவர் அங்கே இருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. தொண்டர் ஒருவரைக் கண்ணால் அழைத்தேன். அவர் குறிப்பறிந்து பெரியவரைப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். அன்று நான் பேசிய பொருள் என்ன தெரியுமா? நேச நாயனார் வரலாறு!

பேச்சு முடிந்தபின் அந்தப் பெரியவர் வந்து கை கூப்பினார். என் அங்கவஸ்திரத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல நெசவு சாமி! கரை பிசிறு இல்லாமல் ஏறியிருக்கிறது. ஐம்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். நெய்ததோடு சரி, கட்டினது இல்லை. எங்கள் நாயனாரைப் பற்றி இன்று நன்றாகச் சொன்னீர்கள்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னால் அனுப்பப்பட்டதைப் பற்றி அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நேச நாயனாரின் வழிவந்தவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு நேச நாயனாரின் பெருமையைப் பேசிய வாய் என்னுடையது. அந்தச் சரிகை அன்று என் தோளில் நெருப்பாகச் சுட்டது. இன்று வரையில் அந்த வெப்பம் ஆறவில்லை.

ஆகையால் திருவிழா உடையைத் தேர்ந்தெடுப்பதற்கு நூலறிவினால் மட்டுமின்றி, பட்டறிவினாலும் நான்கு நெறிகளைச் சொல்கின்றேன்.

முதல் நெறி தூய்மை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றனர் முன்னோர். புதியதாக இருக்க வேண்டுமென்று சொல்லவில்லை. கசக்கியதாக இருக்க வேண்டும் என்றார்கள். துவைத்து உலர்த்திய பருத்தி வேட்டி, நேற்றுக் கட்டிக் களைந்த பட்டைக் காட்டிலும் வழிபாட்டிற்கு உயர்ந்தது. புத்தாடை எடுத்தால் அதன் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, இறைவன் திருமுன் வைத்து வணங்கி, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கி உடுப்பது நம் வழக்கம். அவர் கொடுத்ததை அவர் முன்னே உடுக்கின்றோம் என்பதே அதன் பொருள்.

இரண்டாம் நெறி, செய்கின்ற செயலுக்கு ஏற்றதாக இருத்தல். தீபத் திருநாள் என்பது மழைக்காலம். மலையை வலம் வருவது பதினான்கு கிலோமீட்டர். வெறுங்காலோடு நடக்க வேண்டும். அந்த வழிக்குப் பருத்தியே துணை. ஈரத்தை வாங்கும், காற்றை விடும், நடையைத் தடுக்காது. ஆண்களுக்கு வேட்டியும் மேலே ஒரு துண்டும், பெண்களுக்குப் பருத்திச் சேலையும், சிறுமியர்க்குப் பாவாடை சட்டையும் போதும். ஆடவர் பெருமானை வணங்கும்போது மேல்துண்டை இடையில் கட்டிக்கொள்வது பணிவின் அடையாளம், அதை மறந்துவிடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடெங்கும் வாசலெங்கும் அகல்விளக்கு வரிசை எரிகின்ற நாள் இது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பாக இருக்கின்றது, விலை மலிவு என்று அதில் பாவாடை தைத்துக் குழந்தையை விளக்கண்டை விடாதீர்கள். பருத்தியிலும் தீப்பற்றும், ஆகவே தாவணியின் முந்தியை இழுத்துச் செருகிய பின்னரே விளக்கேற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் நெறி, வரவுக்கு அடங்கியதாக இருத்தல். கடன் வாங்கிப் பட்டெடுப்பது வழிபாடு ஆகாது. பெருமான் கேட்காத ஒன்றை அயலார் கண்ணுக்காகச் செய்துவிட்டு, ஆண்டு முழுவதும் வட்டி கட்டுகின்றோம். எடுக்க வசதி உள்ளவர்கள் அறிந்து எடுங்கள். நம் மாவட்டத்து ஆரணியிலும், அருகிலுள்ள காஞ்சியிலும் தறியில் அமர்ந்து நெய்கின்ற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி ஊடை கொண்டு கோத்து நெய்கின்ற ‘கோர்வை’ முறைக்குப் பொறுமையும் கூட்டாளியும் வேண்டும். பட்டென்று சொல்லிச் செயற்கை இழையை விற்பதும் உண்டு. ஆகவே பட்டுக்கு உரிய முத்திரையையும், கைத்தறிக்கு உரிய முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். நூலொன்றை எரித்துப் பார்த்தால், உண்மைப் பட்டு முடி கருகும் மணத்தோடு பொடியாகும். செயற்கை இழை உருகி மணிபோல் உருளும். 1935ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு நிலையங்களில் வாங்கினால், கொடுத்த காசில் ஒரு பங்கு நேச நாயனாரின் குலத்துக்குப் போய்ச் சேரும்.

பட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் புழுவை வெந்நீரில் கொன்ற பிறகே வழக்கமான பட்டு நூல் எடுக்கப்படுகின்றது. இதனை எண்ணியே காஞ்சி மகாசுவாமிகள் பட்டைத் தவிர்க்குமாறு அன்பர்களுக்கு அறிவுறுத்தி வந்தார். புழு வெளியேறிய பின் நூற்கின்ற பட்டும் இப்போது கிடைக்கின்றது. புலால் மறுத்தலை விரதமாகக் கொண்ட சைவர்கள் இதனையும் சிந்திக்க வேண்டும். அதே வேளையில், பாட்டி கட்டிய பட்டு பெட்டியில் இருக்குமானால், அதை எடுத்து உடுத்துவதில் புதிதாக ஓர் உயிரும் போவதில்லை. பழம் பட்டுக்கு நிகரான திருவிழா உடை ஏது? அதில் குடும்பத்தின் வாழ்த்தும் இழையோடிக் கிடக்கின்றது.

நான்காம் நெறி, பகிர்தல். உங்கள் வீட்டில் நான்கு பேருக்குப் புத்தாடை எடுத்தால், ஐந்தாவதாக ஒன்று எடுங்கள். தெருக் கூட்டுகின்ற அம்மையார்க்கு ஒரு சேலை. கிரிவலப் பாதையில் அமர்ந்திருக்கும் அடியார்க்கு ஒரு வேட்டி. கிழிந்ததை எடுத்துக் கழித்துக் கட்டுவது கொடை ஆகாது. நாம் உடுக்கக் கூசுவதை அடியார்க்கு நீட்டலாகாது. பட்டு வேண்டாம், விலை வேண்டாம்; முழுமையான ஒரு துணி போதும். அமர்நீதியாரின் தராசு இன்றும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகின்றேன்.

2015ஆம் ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயிலுக்கு வருவோர் இன்ன இன்ன உடை உடுத்த வேண்டுமென்று ஓர் ஆணை பிறப்பித்தது. 2016 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆணையிலுங்கூட ஆண்களுக்கு வேட்டியோடு முழுக்காற்சட்டையும், பெண்களுக்குச் சேலையோடு மேலாடையுடன் கூடிய சுடிதாரும் இடம் பெற்றிருந்தன. உடலை மறைக்கின்ற, கண்ணியமான உடை எதுவாயினும் கோயில் வாயில் அதற்குத் திறந்திருக்கின்றது. ஆனால் ஆணையினால் வருகின்ற வேட்டி வாயிலோடு நின்றுவிடும். அன்பினால் வருகின்ற வேட்டியே கருவறை வரையில் வரும்.

அம்மா! தங்கள் மகனை வரச் சொல்லுங்கள். காற்சட்டையோடு வரட்டும், துவைத்ததாக இருக்கட்டும். மருமகளைச் சுடிதாரோடு வரச் சொல்லுங்கள். அதில் குறையொன்றும் இல்லை. பிள்ளை வராத வீட்டில் பட்டு வேட்டி யாருக்கு? அவன் ‘கட்டமாட்டேன்’ என்றா சொன்னான்? ‘கட்ட வராது’ என்றல்லவா சொன்னான்! அது மறுப்பு அன்று, கற்றுக்கொடுக்கப்படாமை. அந்தக் குறை அவனுடையது அன்று, நம் தலைமுறையுடையது. பத்தாம் நாள் காலையில் அவனுக்குப் பருத்தி வேட்டி ஒன்றைக் கொடுங்கள். பட்டு வழுக்கும், பருத்தி நிற்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் அவன் இடையில் கட்டிக் காட்டட்டும். வேண்டுமானால் மேலே ஓர் இடைவாரும் போட்டுக்கொள்ளட்டும். பெருமான் பாம்பைக் கச்சாகக் கட்டியவர்தாமே, குற்றம் சொல்ல மாட்டார்!

பத்தாம் நாள் மாலை, மகாதீபம் ஏற்றப்படும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நொடிகள் வெளியே எழுந்தருள்வார். அந்தத் திருமேனியில் ஒரு பாதிக்குப் புலித்தோல், மறு பாதிக்குப் பட்டு. இரண்டும் ஓருடம்பில் பிணக்கின்றி இருக்கின்றன. தோலுக்கும் பட்டுக்கும் அங்கே வழக்கில்லை என்றால், ஒரே வீட்டில் வேட்டிக்கும் காற்சட்டைக்கும் ஏன் வழக்கு வர வேண்டும்?

அந்த வேளையில் மலையுச்சியைப் பாருங்கள். அங்கே கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்க்கப்படுகின்றது. அதற்குத் திரி எது? ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணி. வெளுக்காத, சாயமேறாத, சரிகை காணாத முரட்டுப் பருத்தித் துணி. கடையில் நாம் கைநீட்டி எடுக்காத துணி. பருவதராச குலத்து அன்பர்கள் ஏற்றி வைக்க, அந்தத் துணிதான் பதினொரு நாள் நின்று எரிந்து, பல காதத் தொலைவிலுள்ள ஊரையெல்லாம் கை கூப்பச் செய்கின்றது. எரிந்து முடிந்தபின் அந்தக் கொப்பரையில் எஞ்சிய கரி மையாகின்றது. மார்கழித் திருவாதிரையன்று அந்த மை நடராசப் பெருமானின் திருமேனியில் சாத்தப்படுகின்றது. பிறகு நமக்குப் பிரசாதமாக வந்து நம் நெற்றியில் ஏறுகின்றது.

பட்டு பெருமானின் இடையில் சாத்தப்படுகின்றது. காடாவோ தன்னை எரித்துக்கொண்டு அவருடைய திருமேனியின் பொட்டாகவே ஆகிவிடுகின்றது. எந்தத் துணி உயர்ந்தது என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

இந்தத் தீபத்திற்கு எதை உடுத்தி வந்தாலும், உடுக்கும்போது திருவைந்தெழுத்தை ஒருமுறை ஓதி உடுங்கள். அந்த நொடியில் அது துணியாக இருப்பது மாறிக் காணிக்கையாகும். பக்கத்தில் நிற்பவரின் உடையை அளக்காதீர்கள். யாரையும் பின்வரிசைக்கு அனுப்பாதீர்கள். அடியேன் செய்த பிழை அடியேனோடு போகட்டும்.

அண்ணாமலையாரின் திருவருளால் எல்லா இல்லங்களிலும் விளக்கும், விளக்கைச் சுற்றி மக்களும் குறைவின்றி நிறைக! நெய்கின்ற கைகள் வாழ்க! வெளுக்கின்ற கைகள் வாழ்க! கொடுக்கின்ற கைகள் வாழ்க!

திருச்சிற்றம்பலம்.